பைபர் வல்லத்து கேபின் டாப்பு ஒழுகுது: ஒட்டுப் போடவா, புதுசா மாத்தவா?

ஏர்வாடி வல்லம்:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம வல்லம் 32 அடி பைபர், உள்ளே டீசல் இன்ஜின். தென்கடல்ல (மன்னார் வளைகுடாவுல) ராத்திரி தங்கி வலை போடுறோம். ஸ்டியரிங் மேல கேபின் இருக்கு. அதோட டாப்பு 7 அடி நீளம், 6 அடி அகலம். 12 எம்.எம். பிளைவுட்டுக்கு மேலயும் கீழயும் பைபர் இழைச்சது, அதாவது கண்ணாடி நாரை ரெசின் பசையில நனைச்சு ஒட்டி இறுக விட்டது. கைமாறி வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு.

போன வாடை (வடகிழக்குப் பருவ) மழையில இருந்து ஒழுகுது. மழை நின்னு ரெண்டு நாள் கழிச்சும் சொட்டுது, அதுவும் டிக்காஷன் நிறத்துல. ஜி.பி.எஸ். நனைஞ்சு ஸ்கிரீன் போச்சு. ஆண்டெனா அடியில மிதிச்சா மெத்துனு அமுங்குது. ஒரு பட்டறையில காட்டினோம். மொட்டைமாடிக்கு அடிக்கிற வெள்ளை வாட்டர்புரூஃப் பெயிண்டை ரெண்டு கோட் அடிச்சு விட்டாங்க. வெயில் ஏறினதும் அது கொப்புளம் கொப்புளமா எழும்பி உரியுது.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிருச்சு. நமக்கு நாட்டுப்படகு பதிவு, தடை கிடையாது. விசைப்படகெல்லாம் கரையில நிக்கிற இந்த 61 நாள்லதான் மீனுக்கு விலை கிடைக்கும், அதனால வல்லத்தை ரொம்ப நாள் நிறுத்த முடியாது. அமுங்குற இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டாப் போதுமா? மாத்தணும்னா எதை வெச்சுச் செய்யிறது? அடுத்த வாடைக்கு ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாம்பன் மேஸ்திரி:

தம்பி, முதல்ல தட்டிப் பாருங்க. சின்ன சுத்தியலோட கட்டைப் பக்கத்தாலயோ அஞ்சு ரூபாய்க் காசாலயோ ஒரு சாண் இடைவெளி விட்டு டாப்பு முழுக்கத் தட்டணும். நல்ல இடம் கணீர்னு கேக்கும். உள்ளே மரம் ஊறின இடம் சத்தமே எழும்பாம மொத்துனு கேக்கும். மொத்துன இடத்தையெல்லாம் சாக்பீஸால கோடு போட்டுக்கிட்டே போங்க.

அப்புறம் கேபினுக்குள்ள நின்னு, டாப்பு எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கோ அங்க அடித்தோல்ல (கீழ்ப்பக்க பைபர்ல) மட்டும் ஒரு சின்ன ஓட்டை போடுங்க. தண்ணி வந்தாலும், டிரில் பிட்டுல கருப்பா ஈர மரத்தூள் ஒட்டினாலும் விஷயம் முடிஞ்சுது. டிக்காஷன் நிறம்னு சொன்னீங்கல்ல, அது மரம் அழுகி வர்ற தண்ணி. மழைத் தண்ணி நேரா இறங்கினா அந்த நிறம் வராது.

தொண்டிக்கரை:

மழைத் தண்ணி இன்னும் உள்ளே நிக்குதுன்னுதான் எனக்கும் தோணுது. ஆனா ஒண்ணு சொல்றேன். பிளைவுட்டுன்னாலே கெட்டதுன்னு இப்ப எல்லாரும் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க, அது நியாயமில்லை. எங்க போட்டு கேபினும் பிளைவுட்தான். 2020 டிசம்பர்ல புரெவி புயல் மன்னார் வளைகுடாவுல நம்ம கரை ஓரமாவே நகராம நின்னு கொட்டுச்சே, அப்பவும் ஒழுகலை. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்கி, நாலு ஓரத்தையும் ரெசின் குடிக்கக் குடிக்க அடைச்சு இழைச்சா நிக்கும். கமர்ஷியல் பிளைவுட்டை வாங்கிப் போட்டுட்டு மரத்தைக் குறை சொல்லக்கூடாது.

ஏர்வாடி வல்லம்:

தட்டிப் பார்த்துட்டேன். ஆண்டெனா அடியில ஆரம்பிச்சு வலப்பக்க ஓரம் வரைக்கும் மொத்து. பின்னாடி லைட் கம்பம் நிக்கிற இடத்தைச் சுத்தியும் மொத்து. பாதிக்கு மேல சாக்பீஸ் கோடுதான். கீழே ஓட்டை போட்டதும் தண்ணி ஒழுகுச்சு. மழை பெஞ்சு எத்தனையோ வாரமாச்சு! மேஸ்திரி அண்ணே, இனி என்ன?

பாம்பன் மேஸ்திரி:

பாதிக்கு மேல போயிருந்தா ஒட்டுப் போடாதீங்க. ஒட்டுங்கிறது கையகலம் ரெண்டு கையகலம் ஊறினதுக்குத்தான். அப்பக்கூட மேல்தோலை வெட்டி எடுத்து, ஊறின மரத்தைச் சுரண்டி, சுத்தி இருக்கிற மரம் முழுசாக் காய்ஞ்ச பிறகுதான் மூடணும். காய்ஞ்சுதான்னு பார்க்க, பாலிதீன் தாளை மேல விரிச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி வெயில்ல விடுங்க. தாளுக்கு உள்பக்கம் வேர்த்தா இன்னும் ஈரம் இருக்கு. உங்க டாப்பு காயக் காத்திருந்தா தடைக்காலமே முடிஞ்சிரும்.

அந்த பெயிண்ட் ஏன் உரிஞ்சுதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. டாப்போட நடுப்பரப்பு வழியாத் தண்ணி இறங்கவே இல்லை. இழைச்ச பைபர் அப்படி ஒழுகாது. தண்ணி போனது ஸ்க்ரூ ஓட்டை வழியா. ஆண்டெனாவுக்கு நாலு, லைட் கம்பத்துக்கு நாலு, ஓரக் கம்பிக்கு வரிசையா, எல்லாம் பிளைவுட்டைத் துளைச்சு நேரா அடிச்சது. வல்லம் ஆட ஆட கம்பம் ஆடும், ஸ்க்ரூவைச் சுத்தி மயிரிழை வெடிப்பு விடும், அது போதும். ஒரு தடவை உள்ளே போன தண்ணி ரெண்டு தோலுக்கும் நடுவுல நின்னுக்கும். மேல வெள்ளை பெயிண்ட் அடிச்சதும் வெளியேற வழியில்லை. வெயில்ல உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி பெயிண்டைத் தூக்குது. எத்தனை கோட் அடிச்சாலும் அதேதான்.

அதனால புது டாப்பு. வல்லத்தை நிறுத்த வேண்டாம். பழைய டாப்பைக் கழட்டாமலே அளவெடுங்க. நீள அகலம் மட்டும் போதாது, மூலைக்கு மூலை குறுக்களவும் எடுக்கணும், கேபின் எப்பவும் சரிசதுரமா இருக்காது. கரையில புது டாப்பை இழைச்சு முடிச்சு வெச்சுக்கிட்டு ஒரே நாள்ல மாத்திரலாம். அதுவரைக்கும் ஒரு தார்ப்பாய் கட்டி ஓட்டுங்க.

கப்பல்தச்சன்:

மண்டபம்தான் சொந்த ஊர், வேலை படகுக் கட்டும் தளத்தில். இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று எடை. டாப்பு என்பது படகிலேயே உயரமான இடத்தில் இருக்கும் பெரிய பலகை. அங்கே ஏறும் ஒவ்வொரு கிலோவும் கீழே ஏறுவதைவிடப் படகை அதிகம் சாய்க்கும். 12 எம்.எம். பிளைவுட் சதுர மீட்டருக்கு சுமார் 8 கிலோ. உங்கள் டாப்பு கிட்டத்தட்ட 4 சதுர மீட்டர், ஆக மரம் மட்டும் 31 கிலோ. பைபரோடு சேர்த்தால் 50 கிலோ தொடும். அது காய்ந்த எடை. தண்ணீர் குடித்த பிளைவுட் இன்னும் கனக்கும். கச்சான் காற்றில் பக்கவாட்டில் அலை வாங்கும்போது படகு சாய்ந்து நிமிரத் தாமதிப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இரண்டாவது, இரண்டு பைபர் தோலுக்கும் இடையில் வைக்கும் நடுப்பொருள். என் விருப்பம் பி.வி.சி. ஃபோம். 15 எம்.எம். கனத்தில் கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியுள்ள ஃபோம் சதுர மீட்டருக்கு 1.2 கிலோதான். இரண்டு பக்கமும் ஒரு மேட் (வெட்டிய கண்ணாடி நார் விரிப்பு), ஒரு ரோவிங் (தடித்த கண்ணாடி நாரில் நெய்த துணி) இழைத்தால் எடை 30 கிலோவுக்குள் நிற்கும். ஒரு தகடு இரண்டு மடங்கு தடிமனானால் விறைப்பு எட்டு மடங்காகும். ஃபோம் அந்தத் தடிமனை எடையில்லாமல் தருகிறது. அழுகவும் அழுகாது.

ஒரு எச்சரிக்கை. ஃபோம் என்றதும் சிலர் தெர்மாகோல் வாங்கிவிடுகிறார்கள். பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். கண் முன்னாலேயே குழிந்து காணாமல் போகும்.

பாம்பன் மேஸ்திரி:

இன்ஜினியர் சொல்ற கணக்கு சரி. ஆனா கை வேலையா இழைக்கிற இடத்துல ஃபோம் எனக்குப் பயம். ஃபோமுக்கும் தோலுக்கும் நடுவுல காத்து நிக்காம ஒட்டணும்னா அழுத்தம் வேணும், வேக்யூம் பை (காத்தை உறிஞ்சி அமுக்குற பை) வேணும். மணல்ல தார்ப்பாய் கட்டி வேலை பாக்குற நம்ம கைக்கு அது வராது. காத்து நின்ன இடத்துல ஆள் ஏறி மிதிச்சா தோல் பிரிஞ்சு தனியா நிக்கும். நம்ம பசங்க டாப்பு மேல ஏறாம இருக்க மாட்டாங்க. வலைக் கொடி தேடணும்னா முதல்ல ஏறுற இடம் அதுதான்.

நான் செய்யிறது ஒத்தைத் தோல், அடியில விலா. ஜெல்கோட் (வெளியில தெரியிற வழவழப்புப் பூச்சு), அதுக்கு மேல 300 மேட் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஒண்ணு, 450 மேட் ரெண்டு, 600 ரோவிங் ஒண்ணு, கடைசியா ஒரு 450. அடிப்பக்கம் ஒண்ணரை அடிக்கு ஒரு விலா. விலாவுக்கு பி.வி.சி. பைப்பை நீளவாக்குல ரெண்டாப் பிளந்து கவுத்து வெச்சு, அதுக்கு மேல ரெண்டு மேட் இழைச்சாப் போதும். எடை ஃபோம் டாப்பைவிட அஞ்சாறு கிலோதான் கூட வரும். மரமே இல்லை, நடுவுல இடமே இல்லை, தண்ணி போய் நிக்க வழியில்லை. எப்பவாவது வெடிச்சாலும் கீழே இருந்து பாத்தா அந்த இடம் தெரியும். ரெண்டு தோல் டாப்புல ஓட்டை ஒரு மூலையில இருக்கும், சொட்டுறது இன்னொரு மூலையில.

விலாவை உடனே இழைச்சிராதீங்க. தோல் இறுகின பிறகு, மறுநாள் தேய்ச்சு விட்டு இழைங்க. இல்லைன்னா வெளிப்பக்கம் விலா விலாவாக் கோடு தெரியும்.

தொண்டிக்கரை:

விலா யோசனை நல்லாருக்கு. கூடவே வளைவை மறந்துராதீங்க. தட்டையா இருக்கிற டாப்பு எல்லாம் நடுவுல தொய்ஞ்சு தண்ணி கட்டும். 6 அடி அகலத்துக்கு நடு மட்டம் ஓரத்தைவிட ரெண்டு இஞ்சு உயர்ந்திருக்கணும். நாலு பக்கமும் ஓரம் கீழ்நோக்கி ஒண்ணரை இஞ்சு மடங்கி இறங்கட்டும். அந்த மடிப்பு இல்லைன்னா தண்ணி அடிப்பக்கமே ஓடி வந்து கேபின் சுவர் வழியா இறங்கும், டாப்பு ஒழுகுதுன்னு நினைச்சிட்டிருப்போம்.

கேபின் சுவர் பிளைவுட்தானே? டாப்பைத் தூக்குற அன்னைக்கு சுவரோட மேல் விளிம்பைப் பாருங்க. பச்சை மரமா, பூச்சே இல்லாம விட்டிருந்தா அதையும் எபாக்ஸி ரெசின் தடவி அடைச்சிருங்க. மரத்தைக் கெடுக்கிறது அடைக்காத விளிம்புதான், அதை நான் மாத்திச் சொல்ல மாட்டேன்.

கீழக்கரை காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும். சார்ஜாவில பைபர் போட்டு யார்டுல ரொம்ப வருஷம் டாப்பு பொருத்துற வேலைதான் பாத்தேன். இப்ப ஊரோட வந்தாச்சு. இழைக்கிறதை மேஸ்திரி சொல்லிட்டாங்க. ஓட்டை போடுறதைப் பத்தி நான் சொல்றேன் தம்பி, ஏன்னா டாப்பு எவ்வளவு நல்லா இழைச்சாலும் பொருத்துற நாள்லதான் கெடுக்கிறாங்க.

முதல்ல, மேலே எது எது வரும்னு இழைக்கிறதுக்கு முன்னாடியே பென்சிலால குறிச்சிரணும். அந்த இடத்துல மட்டும் உள்பக்கம் கூடுதலா நாலஞ்சு மேட் போட்டு 8, 10 எம்.எம். கனமாக்கிக்கணும். மரத்துண்டு வெக்கக்கூடாது. திரும்ப மரத்தைத்தான் துளைக்கப் போறோம்னா இந்த வேலையே எதுக்கு?

ஓட்டை போட்டதும் மேல்வாயைக் கவுண்டர்சிங்க் பிட்டால லேசா விரிச்சு விடு. சும்மா ஒரு எம்.எம். சரிவு. அந்தப் பள்ளத்துல சீலன்ட் (ஓட்டை அடைக்கிற பசை) நின்னு போல்ட்டைச் சுத்தி வளையமா இறுகும். விரிக்காத ஓட்டையில போல்ட்டை முடுக்கினா சீலன்ட் எல்லாம் பிதுங்கி வெளியே வந்துரும், உள்ளே ஒண்ணும் மிஞ்சாது. ஜெல்கோட்டும் நட்சத்திரமா வெடிக்கும்.

சீலன்ட் பாலியூரித்தேன் வாங்கு, மரைன் வகை. கடையில சிலிக்கான் குடுத்தா டாப்புக்கு வேணாம்னு சொல்லு. சிலிக்கான் ஒரு தடவை பட்ட இடத்துல பெறகு பெயிண்ட்டும் பிடிக்காது, வேற சீலன்ட்டும் பிடிக்காது, தேய்ச்சாலும் அதோட பிசுக்குப் போகாது.

போல்ட் முடுக்குறதுக்கும் முறை இருக்கு. மேல தலையை ஒரு ஆள் ஸ்பேனரால அசையாமப் பிடிச்சுக்கணும், கீழே நட்டை மட்டும்தான் திருகணும். தலையைத் திருகினா சீலன்ட் அறுந்துரும். சுத்திலும் லேசாப் பிதுங்குற அளவுக்கு முடுக்கி நிறுத்திரு. மறுநாளோ அதுக்கு மறுநாளோ சீலன்ட் ரப்பராகின பெறகு இன்னும் அரைச் சுத்து. முதல் நாளே முழுசா முடுக்கினா நடுவுல சீலன்டே இருக்காது, பைபரும் இரும்பும் உரசிக்கிட்டு நிக்கும்.

போல்ட், வாஷர் எல்லாம் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 நம்ம உப்புக் காத்துல தேத்தண்ணிக் கறை விடும். கம்பம் அலுமினியமா இருந்தா ஸ்டீல் போல்ட்டுக்கு நடுவுல நைலான் வாஷர் போடு, இல்லைன்னா அலுமினியம் வெள்ளையாப் பூத்து அரிச்சிரும். கீழே வாஷருக்குப் பதிலா உள்ளங்கை அகலத்துக்கு ஸ்டீல் தகடு வெச்சா ஆடுற கம்பத்தோட பாரம் பரவி நிக்கும்.

ஏர்வாடி வல்லம்:

காக்கா, இந்தளவுக்கு யாரும் சொன்னதில்லை. ரொம்ப நன்றி. ஒத்தைத் தோல், விலா வெச்சுன்னு முடிவு பண்ணிட்டோம். மேஸ்திரி அண்ணே, உங்க ஆட்கள் தடைக்காலம் முடியிற வரைக்கும் விசைப்படகு வேலையில இருக்காங்க, தெரியும். இங்க ஏர்வாடியில பைபர் வேலை பழகின ரெண்டு பேர் இருக்காங்க. எவ்வளவு சரக்கு வாங்கணும்? கத்திரி வெயில் வேற வருது, இந்த வெயில்ல இழைக்கலாமா?

பாம்பன் மேஸ்திரி:

இழைக்கலாம். நேரம் பாத்து இழைக்கணும். விடிகாலையில பனி ஈரம் மோல்டுல (டாப்பை இழைக்கிற அச்சுல) இருக்கும், அது காய்ஞ்ச உடனே ஆரம்பிச்சு பத்து மணிக்குள்ள முடிங்க. இல்லைன்னா நாலு மணிக்கு மேல. மேலே பந்தல் கட்டாயம். கடல் பக்கமிருந்து வர்ற காத்துக்கு ஒரு மறைப்பும் கட்டுங்க, மணலும் உப்பும் ஈர ரெசின்ல ஒட்டிரும்.

உங்க அளவுக்கு 25, 30 கிலோ ரெசின் வேணும், வீணாறதும் விலாவும் சேர்த்து. ஜி.பி. (சாதா பாலியஸ்டர்) ரெசின் வேண்டாம், ஐசோ ரெசின் கேளுங்க, தண்ணிக்குத் தாங்கும். டப்பாவுல தேதி பாருங்க. ஆறு மாசத்துக்கு மேல வெயில்ல கிடந்த ரெசின் கெட்டியாகி நூல் இழுக்கும், அது வேண்டாம்.

ஹார்ட்னர் (ரெசினை இறுக வைக்கிற திரவம்) ரெசின்ல நூத்துக்கு ஒண்ணு. ஒரு கிலோவுக்கு 10 மில்லி. வெயில் கூடன்னு அதுக்கும் கீழே குறைச்சா ரெசின் உள்ளுக்குள்ள வேகாமலே நின்னுரும், பின்னாடி எத்தனை நாள் ஆனாலும் இறுகாது. சீக்கிரம் இறுகுதுன்னா கலக்குற அளவைக் குறைங்க, ஒரு தடவைக்கு ஒரு கிலோ. வாளியில வெக்காம அகலமான தட்டுல ஊத்துங்க. ஆழமா நின்னா அதோட சூட்டுலயே புகைஞ்சு போகும்.

இதைக் கவனமா வாசிங்க. சில கடையில ஆக்ஸிலரேட்டர் (இறுகுறதை வேகப்படுத்துறது) தனி பாட்டில்ல தருவாங்க, ஊதா நிறமா இருக்கும், கோபால்ட். அதையும் ஹார்ட்னரையும் நேருக்கு நேரா ஒண்ணாச் சேர்க்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். முதல்ல கோபால்ட்டை ரெசின்ல நல்லாக் கலக்கி முடிச்சு, அப்புறம்தான் ஹார்ட்னர். ரெண்டுக்கும் ஒரே மூடியால அளக்கக்கூடாது, ரெண்டையும் ஒரே பையில வெச்சுத் தூக்கக்கூடாது. ஹார்ட்னர் கண்ணுல தெறிச்சா உடனே நல்ல தண்ணியால கால் மணி நேரம் விடாமக் கழுவிக்கிட்டே இருந்து, அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. பார்வை போயிரும் தம்பி. கண்ணாடி போடாம யாரையும் கலக்க விடாதீங்க.

மோல்டு: மைக்கா ஒட்டின பிளைவுட்டை ரெண்டு இஞ்சு பள்ளம் வர்ற மாதிரி சட்டத்துல வளைச்சு அடிங்க. வெளிப்பக்கம் மோல்டைப் பாத்துத்தான் இழைக்கிறோம், அதனால குழி. ஓரத்துல மைக்கா பட்டை நிறுத்தி மூலையில பிளாஸ்டிசின் களிமண் உருட்டி வளைவு குடுங்க. மெழுகு நாலஞ்சு கோட், ஒவ்வொண்ணும் காய்ஞ்சு துடைச்சு. அதுக்கு மேல பி.வி.ஏ. (டாப்பு மோல்டுல ஒட்டாம எடுக்கப் பூசுற திரவம்).

ஜெல்கோட்டைப் பிரஷ்ஷால ரெண்டு கையா, அரை எம்.எம். கனம் வர்ற மாதிரி. விரல் வெச்சா ஒட்டணும், ஆனா விரல்ல வரக்கூடாது. அந்தப் பதத்துல முதல் மேட். மெல்லிசா அடிச்சிருந்தாலோ பதம் வர்றதுக்கு முன்னாடி இழைச்சாலோ, மேல வர்ற ரெசின் ஜெல்கோட்டை ஊறவெச்சு முதலைத் தோலாச் சுருக்கிரும். மோல்டுல இருந்து எடுத்தாத்தான் தெரியும். ஒவ்வொரு மேட்டுக்கும் இரும்பு ரோலர் ஓட்டி, வெள்ளையாத் தெரியிற காத்துக் குமிழை ஓரத்துக்குத் தள்ளி எடுங்க. வெள்ளை மறைஞ்சு மேட் கண்ணாடியா ஆகிற வரைக்கும்.

அடிப்பக்கம் கடைசியா அடிக்கிற ஜெல்கோட்டுல மெழுகுக் கரைசல் சேர்க்கணும். காத்துப் படுற பக்கம் ஜெல்கோட் பிசுபிசுப்பு போகாது, மெழுகு மேலே வந்து மூடினாத்தான் இறுகும். ரெண்டு நாளாவது மோல்டுலயே கிடக்கட்டும். அவசரப்பட்டு எடுத்தா வளைஞ்சிரும்.

சின்னப்பாலம் அக்கா:

வேலை விவரம் எல்லாம் படிச்சேன், நல்லா சொல்றீங்க. பழைய டாப்பை என்ன செய்யப் போறீங்க தம்பி? இதையும் பேசுங்க.

நாங்க பாசி எடுக்கப் போற பொம்பளைங்க. முட்டளவு தண்ணியில, கல்லுக்கு நடுவுல, கையாலதான் தேடுறோம். கரையில வெட்டிப் போட்ட பைபர் துண்டு அலையில உள்ளே வந்து கல்லிடுக்குல மாட்டிக்கும். கால்ல கையில கீறினா சிலாம்பு உள்ளேயே தங்கி சீழ் வைக்குது. கரையில போட்டுக் கொளுத்துறவங்களும் இருக்காங்க. கரும்புகை ஊருக்குள்ள வருது. எரிஞ்ச பிறகு கண்ணாடி நாரு அப்படியே மணல்ல கிடக்குது, அதுல பிள்ளைங்க விளையாடுது. தென்பக்கம் 21 தீவும் கடல் தேசியப் பூங்கா. அந்தக் கடல்தான் உங்களுக்கும் சோறு போடுது, எங்களுக்கும் சோறு போடுது.

தேய்க்கிற வேலையைக் கரை ஓரத்துல செய்யாதீங்க. கீழே தார்ப்பாய் விரிச்சுச் செஞ்சு, தூளை மூட்டையாக் கட்டி எடுத்துட்டுப் போங்க. தண்ணி ஊத்தித் தேய்ச்சா தூள் பறக்காது. மிச்ச ரெசினை மணல்ல ஊத்தாம டப்பாவுலயே இறுக விட்டுக் கெட்டியான பிறகு போடுங்க.

ஏர்வாடி வல்லம்:

அக்கா, சொன்னது சரி. பழைய டாப்பை கரையில போட மாட்டோம், எரிக்கவும் மாட்டோம். அழுகின மரத்தை உரிச்சு எடுத்துட்டு நல்ல தோலை அறுத்து வீட்டுக் கோழிக் கூண்டுக்கு மறைப்பா அடிக்கிறதா அம்மா சொல்றாங்க. மிச்சம் மூட்டை கட்டி குப்பை வண்டியில போகும்.

கப்பல்தச்சன்:

தேய்ப்பவர்கள் முழுக்கைச் சட்டை, மூக்குக்கு நல்ல மாஸ்க். துணியைக் கட்டினால் போதாது. இழைக்கும்போது ஸ்டைரீன் ஆவிக்குக் கார்பன் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். குளிக்கும்போது குளிர்ந்த தண்ணீர், வெந்நீரில் தோல் துவாரம் விரிந்து அரிப்பு கூடும்.

இன்னொன்று. ஏற்கெனவே எபாக்ஸி தடவிய இடத்தின் மேல் பாலியஸ்டர் ரெசின் இழைக்க வேண்டாம், நம்பும்படி பிடிக்காது. பாலியஸ்டர் மேல் எபாக்ஸி பிடிக்கும். எபாக்ஸிக்குச் சாதாரண மேட்டும் ஒத்துவராது. மேட்டைக் கோத்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் கரையாது. எபாக்ஸிக்கு நெய்த துணிதான்.

ஏர்வாடி வல்லம்:

ஒரு சந்தேகம். புது டாப்புல ஓட்டையே குறைக்கணும்னு ஆசை. ஜி.பி.எஸ். ஆண்டெனா, வயர்லெஸ் ஆண்டெனா, இஸ்ரோ தொழில்நுட்ப டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியாத் தகவல் அனுப்புற கருவி), சோலார் பலகை, லைட். இதுல எதெது டாப்பைத் துளைக்காம வைக்க முடியும்?

கப்பல்தச்சன்:

ஜி.பி.எஸ். ஆண்டெனாவை டாப்புக்கு அடியிலேயே ஒட்டலாம். பைபர் அந்த அலையை மறைக்காது. மேலே அதற்கு நேராக சோலார் பலகையோ வேறு உலோகமோ வரக்கூடாது, அவ்வளவுதான். டிரான்ஸ்பாண்டரை நீங்களாக இடம் மாற்றாதீர்கள், பொருத்தியவர்களிடம் கேட்டு, வானம் திறந்து தெரியும் இடத்தில் வையுங்கள். வயர்லெஸ் ஆண்டெனா உயரத்தில்தான் நிற்க வேண்டும், ஆனால் டாப்பின் மேல் நிற்க வேண்டியதில்லை. டாப்பைத் தாங்கும் ஸ்டீல் பைப்பையே பின்பக்கம் மேலே நீட்டி அதில் கிளாம்ப் போட்டு ஆண்டெனா, லைட், டிரான்ஸ்பாண்டர் மூன்றையும் மாட்டலாம்.

கீழக்கரை காக்கா:

ஆமா, பைப்பை நீட்டுறதுதான் சரி. சோலாருக்கு அடியில பைபர் பட்டையை டாப்போட சேர்த்தே இழைச்சு, அதுல பலகையை முடுக்கிரு, டாப்பு துளைபடாது. பலகைக்கு அடியில காத்துப் போக ரெண்டு விரல் இடைவெளி விடு. வயர் எப்படியும் ஒரு இடத்துல உள்ளே வரணும். அதை டாப்புல இறக்காதே, கேபின் பின்சுவர்ல டாப்பு மடிப்புக்கு அடியில கொண்டு வா. உள்ளே நுழையிறதுக்கு முன்னாடி வயரைக் கீழே தொங்க விட்டு மேலே ஏத்து. வயர் வழியா ஓடி வர்ற தண்ணி தொங்கலோட அடியிலயே சொட்டிரும்.

கேபினுக்குள்ள அடுப்பு வெச்சு சமைக்கிறியா? அப்படின்னா அடுப்புக்கு நேர் மேல ஒரு ஸ்டீல் தகடு, பைபர்ல இருந்து இடைவெளி விட்டு அடி. பைபர் தீப்பிடிச்சா அணைக்கிறது கஷ்டம்.

ஏர்வாடி வல்லம்:

புது டாப்பு ஏத்தியாச்சு. ஜெல்கோட் சுருங்கலை, மேஸ்திரி சொன்ன விரல் பதத்தைப் பாத்துத்தான் இழைச்சோம். நாலு பேர் தூக்கி வெச்ச பழசு, புதுசை ரெண்டு பேர் தூக்கிட்டாங்க. வல்லம் அலையில நிமிர்றது வித்தியாசமாவே தெரியுது. பழைய டாப்பைத் தூக்கினப்ப தொண்டி அண்ணன் சொன்ன மாதிரியே சுவர் விளிம்பு பச்சை மரம்தான், அடைச்சிட்டோம்.

நேத்து குழாய்த் தண்ணி விட்டுப் பார்த்தோம். ஒரு இடத்துல கசியுது, முன்பக்கம் இடது மூலையில. டாப்பு இணைப்பா, கண்ணாடியான்னு புரியலை.

பாம்பன் மேஸ்திரி:

தண்ணியை மேலிருந்து ஊத்தாதீங்க, எல்லாம் நனைஞ்சா எதுன்னு தெரியாது. உள்பக்கம் துடைச்சுக் காய வெச்சு சாக்பீஸ் தூள் தடவுங்க. அப்புறம் கீழே இருந்து ஆரம்பிங்க. முதல்ல கண்ணாடிக்குக் கீழ்ச் சட்டத்துல மட்டும் கொஞ்ச நேரம் தண்ணி விடுங்க, பொறுங்க. வரலைன்னா கண்ணாடியோட பக்கம், அப்புறம் மேல்சட்டம், கடைசியாத்தான் டாப்பு இணைப்பு. எந்தக் கட்டத்துல தூள் நனையுதோ அதுதான் இடம்.

ஏர்வாடி வல்லம்:

கண்ணாடியோட பக்கச் சட்டம்தான். டாப்பு வரைக்கும் போகவே இல்லை, அதுக்குள்ள தூள் நனைஞ்சிருச்சு. அக்ரிலிக் கண்ணாடி, ஸ்க்ரூ போட்டு இறுக்கினது. இதுக்கும் அதே பாலியூரித்தேன் போடலாமா காக்கா?

கீழக்கரை காக்கா:

வேணாம் தம்பி. பாலியூரித்தேன்ல சில வகை அக்ரிலிக்கை நாளாவட்டத்துல வெடிக்க வைக்கும். இந்த ஒரு இடத்துக்கு சிலிக்கான்தான், ஆனா புளிச்ச வாடை அடிக்காத நியூட்ரல் வகை. சட்டத்தைத் தாண்டி பைபர்ல படாம ரெண்டு பக்கமும் டேப் ஒட்டிக்க.

கண்ணாடியைக் கழட்டி ஸ்க்ரூ ஓட்டையைப் பாரு. ஓட்டை ஸ்க்ரூ அளவுக்கே இறுக்கமா இருந்தா ஒரு சைஸ் பெருசாக்கு. அக்ரிலிக் வெயில்ல நீளும், இரவுல சுருங்கும், நகர இடமில்லைன்னா ஓட்டையில இருந்து வெடிக்கும். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவுல ரெண்டு எம்.எம். சீலன்ட் நிக்கிற மாதிரி சின்ன ரப்பர் துண்டு வெச்சு ஸ்க்ரூவை மெதுவா ஏத்து. பழைய சீலன்ட்டை மரச் சீவலால சுரண்டி எடு. அசிட்டோன் போட்டுத் துடைச்சிராதே, அக்ரிலிக் முழுக்க மயிரிழையா வெடிச்சு மங்கிரும். சோப்புத் தண்ணியில கழுவிக் காய வெச்சாப் போதும்.